ஐட்லிங்கில் வேக்குவம் குறைந்தால்: டர்போ ரோட்டரிக்கு ஒரு தனி அத்தியாயம்

முள் 11-ல் நின்றது. பெங்களூரிலிருந்து லாரியில் ஏற்றி கோலார் தங்கவயல் (கே.ஜி.எஃப்) கோரமண்டலுக்குக் கொண்டுவந்த மாஸ்டா ஆர்எக்ஸ்-7 அது. மூன்றாம் தலைமுறை, தொழிலில் எஃப்டி என்பார்கள். அதற்கு முன் பார்த்த இடத்தில் “கம்ப்ரஷன் போச்சு, எஞ்சினை இறக்க வேண்டும்” என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். வண்டிக்காரர் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மறுநாள் சாயங்காலம் எஞ்சினில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் வண்டி திரும்பிப் போனது. மாற்றியது ஒரு சாண் நீள ரப்பர் ஹோஸ்.

அந்த ஒரு சாண் ஹோஸை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்த அத்தியாயம். கோரமண்டல் ஸ்டேஷனில் இருட்டோடு ரயிலேறி பெங்களூர் ஒர்க்‌ஷாப்புகளுக்குப் போகும் நம் பையன்களுக்காக எழுதுகிறேன். 2001-ல் சுரங்கம் மூடிய பிறகு கே.ஜி.எஃப்-இல் பல வீடுகளுக்கு அந்த ரயில்தான் சோறு போடுகிறது. ரோட்டரி வண்டி உங்கள் கைக்கு அடிக்கடி வராது. ஆர்எக்ஸ்-7 இந்தியாவில் ஷோரூமில் விற்ற வண்டி அல்ல, வெளியிலிருந்து கொண்டுவந்தவைதான் இருக்கின்றன. ஆனால் வரும்போது விலையுயர்ந்த தவறுக்கு இடம் கொடுத்துக்கொண்டே வரும். நான் ஷார்ஜாவில் வேலை பார்த்த காலத்தில் நல்ல எஞ்சின்களைப் பிரித்துப் போட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிரித்த பிறகு உள்ளே குறையில்லை என்று தெரிந்தாலும் செலவு செலவுதான்.

முள் எதை அளக்கிறது

வேக்குவம் கேஜ் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் காற்றழுத்தத்தை அளக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது அளப்பது வித்தியாசத்தை. வெளிக்காற்று எவ்வளவு அழுத்துகிறது, மேனிஃபோல்டுக்குள் எவ்வளவு இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் முள் காட்டுகிறது. வெளிக்காற்று இளைத்தால் எஞ்சின் எவ்வளவு நன்றாக உறிஞ்சினாலும் முள் கீழேதான் நிற்கும்.

சென்னைக் கடற்கரையில் காற்றழுத்தம் பாதரச அளவில் சுமார் 29.9 அங்குலம். கே.ஜி.எஃப் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே அது சுமார் 27 அங்குலம். கிட்டத்தட்ட 3 அங்குலம் போய்விட்டது. ஒவ்வொரு 1,000 அடி ஏற்றத்துக்கும் 1 அங்குலம் என்று மனதில் வைத்துக்கொண்டால் எந்த ஊரிலும் கணக்குப் போட்டுவிடலாம். பெங்களூர் நம்மைவிடக் கொஞ்சம் உயரம், அங்கே 3 அங்குலத்துக்குச் சற்று மேலேயே குறையும். கேஜ் பொருத்திய எந்தப் பெட்ரோல் வண்டியிலாவது பேரணாம்பட்டில் ஐட்லிங் பார்த்துவிட்டு, மலையேறி வி.கோட்டாவில் நிறுத்தி மறுபடி பாருங்கள். முள் இறங்கியிருக்கும். எஞ்சின் அதே எஞ்சின்தான்.

ஆர்எக்ஸ்-7-இன் 13பி டர்போ எஞ்சினுக்கு ஐட்லிங் வேக்குவம் 16 முதல் 18 அங்குலம் என்று சொல்லும்போது அது கடலோரக் கணக்கு. கோரமண்டலில் அதே ஆரோக்கியமான எஞ்சின் 13-லிருந்து 15 வரை காட்டும். இந்த ஊரில் 14 காட்டும் ரோட்டரியை நோயாளி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 11 காட்டினால்தான் நமக்கு வேலை.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரோட்டரியில் வால்வு கிடையாது. முக்கோண ரோட்டர் சுற்றும்போது அதன் ஓரமே வழியைத் திறக்கிறது, மூடுகிறது. ஆர்எக்ஸ்-7-இல் புகை வெளியேறும் வழி ஹவுசிங்கின் சுற்றுச் சுவரிலேயே இருப்பதால், உறிஞ்சும் வழியும் புகை வழியும் கொஞ்ச நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். எரிந்த வாயு சிறிதளவு உள்ளே திரும்புகிறது. அதனால் ஒரு நல்ல பிஸ்டன் எஞ்சினோடு ரோட்டரியின் முள்ளை ஒப்பிடவே கூடாது. முன்பு யாராவது போர்ட்டை அரைத்து அகலப்படுத்தியிருந்தால் வேக்குவம் இன்னும் இறங்கும். பிரிட்ஜ் போர்ட் போட்ட எஞ்சின் ஐட்லிங்கில் நல்ல வேக்குவம் காட்டவே காட்டாது. வண்டிக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “எஞ்சினை முன்னாடி யாராவது பிரிச்சாங்களா அண்ணா? போர்ட் வேலை ஏதாவது பண்ணிருக்கா?” என்பதுதான்.

முள்ளை நம்புவதற்கு முன்

டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பூஸ்ட் கேஜை வைத்து முடிவெடுக்காதீர்கள். பூஸ்ட் காட்டுவதற்காகச் செய்த கேஜின் வேக்குவம் பக்கம் பெரும்பாலும் நெருக்கமான கோடுகளோடு இருக்கும், 2 அங்குலம் தப்பாகக் காட்டினாலும் தெரியாது. கையால் அடிக்கும் வேக்குவம் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். அதில் 15 அங்குலம் இழுத்து, வண்டியின் கேஜையும் உங்கள் கேஜையும் ஒரே டீ-யில் மாட்டிப் பார்த்தால் எது பொய் சொல்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரியும்.

அடுத்தது, கேஜை எங்கே மாட்டினீர்கள்? த்ராட்டில் தட்டுக்குப் பின்னால், மேனிஃபோல்டில் இருக்கும் நிப்பிளில்தான் மாட்ட வேண்டும். த்ராட்டில் பாடியில் தட்டுக்கு மேலே திறக்கும் நிப்பிள்களும் உண்டு. அவை ஐட்லிங்கில் ஒன்றும் காட்டாது, ஆக்சிலேட்டர் கொடுத்தால்தான் உயிர்பெறும். அதில் மாட்டிவிட்டு “வேக்குவமே இல்லை” என்று பதறியவர்கள் உண்டு.

எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். ஏசி, லைட் எல்லாம் ஆஃப். ஆர்.பி.எம்-ஐயும் சேர்த்து எழுதுங்கள். ஆர்.பி.எம் இல்லாத வேக்குவ எண்ணுக்கு மதிப்பே இல்லை. இந்த எஞ்சின்களுக்கு ஐட்லிங் சுமார் 750.

இந்த இடத்தில்தான் பாதி விடை கிடைக்கிறது. எஃப்டி-யில் காற்றை அளக்கத் தனி மீட்டர் இல்லை. மேனிஃபோல்டு அழுத்தத்தை ஒரு சென்சார் பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டர் அதற்கேற்றபடி பெட்ரோல் கொடுக்கிறது. த்ராட்டிலுக்குப் பின்னால் எங்காவது காற்று கசிந்து உள்ளே வந்தால் அழுத்தம் ஏறும், கம்ப்யூட்டர் பெட்ரோலையும் கூட்டும், ஐட்லிங் மேலே போகும். ஆகவே வேக்குவம் குறைவு, ஆர்.பி.எம் அதிகம் என்றால் முதலில் காற்றுக் கசிவைத் தேடுங்கள். வேக்குவம் குறைவு, ஆர்.பி.எம்-மும் குறைவு, எஞ்சின் நடுங்குகிறது, அணைந்து அணைந்து போகிறது என்றால் எஞ்சினுக்கே பலமில்லை: இக்னிஷன், டைமிங், கம்ப்ரஷன் பக்கம் போங்கள். அந்த வண்டி 1,100-ல் ஓடிக்கொண்டிருந்தது. காகிதத்தில் எழுதிக் கொடுத்தவர்கள் டேக்கோமீட்டரைப் பார்த்திருந்தால் போதும்.

இரண்டாம் தலைமுறை எஃப்சி-யில் கதை வேறு. அதில் காற்று மீட்டர் உண்டு. மீட்டரைத் தாண்டி நுழையும் காற்று கணக்கில் வராது, கலவை மெலிந்து மிஸ்ஸிங் அடிக்கும். அங்கே இந்த உயர்வு தாழ்வுக் குறிப்பை அப்படியே நம்ப வேண்டாம்.

கசிவைத் தேடுவது

என் நைனா சேம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கீழே காற்றுக் கதவுகள் உண்டு என்று சொல்வார். காற்று எப்போதும் சுலபமான வழியில்தான் போகும். ஒரு கதவை யாராவது மூடாமல் விட்டால், ஆள் வேலை செய்கிற முனைக்குக் காற்று போய்ச் சேராது. மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தாலும் கீழே மூச்சு முட்டும். ஃபேனைக் குறை சொல்வதற்கு முன் கதவுகளைப் பார்த்துக்கொண்டே நடப்பார்களாம். ரோட்டரியிலும் அதே நடைதான்.

எஃப்டி-யின் மேல் மேனிஃபோல்டைத் தூக்கிப் பார்த்தால் கீழே வேக்குவம் ஹோஸ்களும் சோலனாய்டுகளும் இடியாப்பமாகப் பின்னிக் கிடக்கும். இரண்டு டர்போவையும் ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு இழுக்கும் ஏற்பாடு முழுவதும் அந்தச் சிக்கலுக்குள்தான் இருக்கிறது. டர்போக்களின் சூட்டில் 30 வருட ரப்பர் கருவாடு போலக் காய்ந்திருக்கும். ஆனால் அதை முதலில் பிரிக்காதீர்கள். கைக்கு எட்டும் தடித்த ஹோஸ்களில் தொடங்குங்கள்.

எஞ்சின் ஐட்லிங்கில் ஓடட்டும். மூக்கு நீண்ட ப்ளையரின் வாயில் துணி சுற்றிக்கொள்ளுங்கள், ஹோஸ் வெட்டுப்படாமல் இருக்க. பிரேக் பூஸ்டர் ஹோஸை மேனிஃபோல்டுக்கு மிக அருகில் பிடித்து அழுத்துங்கள். முள்ளைப் பாருங்கள். அசையவில்லை என்றால் அந்தக் கிளையில் கசிவு இல்லை. அடுத்தது கேனிஸ்டருக்குப் போகும் பர்ஜ் ஹோஸ். பிறகு ஃபியூவல் பிரஷர் ரெகுலேட்டர், பிறகு ஐட்லிங் கண்ட்ரோல் வால்வு. ஒவ்வொன்றாக, பொறுமையாக, எதையும் கழற்றாமல். அந்த வண்டியில் பர்ஜ் ஹோஸைப் பிடித்ததும் முள் 11-லிருந்து 14-க்குத் தாவியது, எஞ்சின் சத்தம் மூச்சு விட்டதுபோல் இறங்கி 750-க்கு வந்தது. ஹோஸைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. வளைத்ததும் அடிப்பக்கத்தில், நிப்பிளை ஒட்டி, நக நீளத்துக்கு ஒரு வெடிப்பு வாய் திறந்தது. நேராக்கினால் மூடிக்கொண்டது. எஞ்சின் ஓடும்போது ஹோஸ் அதன் இடத்தில் வளைந்துதான் இருக்கும். கண்ணால் மட்டும் தேடுகிறவன் அதை ஒருநாளும் கண்டுபிடிக்க மாட்டான்.

ஹோஸ்களைப் பிடித்து எதுவும் மாறவில்லை என்றால் கேஸ்கட் இடங்களுக்குப் போங்கள்: மேல் மேனிஃபோல்டும் கீழ் மேனிஃபோல்டும் சேரும் இடம், த்ராட்டில் பாடியின் அடி, இன்ஜெக்டர்களைச் சுற்றியுள்ள ஓ-ரிங், ஏர் கண்ட்ரோல் வால்வைக் கழற்றி தகடு அடித்திருந்தால் அந்தத் தகட்டின் ஓரம். இங்கே கார்புரேட்டர் க்ளீனரையோ பெட்ரோலையோ தெளித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. டர்போ வண்டியில் அதைச் செய்யவே கூடாது. ஓடி நின்ற டர்போ ஹவுசிங் எந்தச் சூட்டில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், தீப்பிடிக்க ஒரு துளி போதும். பூச்செடிக்குத் தண்ணீர் அடிக்கும் பாட்டிலில் வெறும் தண்ணீர் போதுமானது. கசிவு இருக்கும் இடத்தில் தண்ணீர் உள்ளே இழுபடும்போது ஐட்லிங் சத்தம் ஒரு கணம் மாறும். தண்ணீரையும் சூடான டர்போ மேல் விடாமல் சிறிது சிறிதாக அடியுங்கள்.

இன்னும் கிடைக்கவில்லையா? எஞ்சினை அணைத்து, டர்போவின் உறிஞ்சு வாயை மூடி, அதன் வழியே சைக்கிள் பம்பாலோ ரெகுலேட்டர் வைத்த கம்ப்ரஸராலோ 5 பிஎஸ்ஐ மட்டும் ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம், ஆயில் சீல்கள் தாங்காது. சோப்புத் தண்ணீர் அடித்தால் கசிவு குமிழி விடும். கொஞ்சம் காற்று எஞ்சினுக்குள்ளேயே நுழைந்து சைலன்ஸர் வழியே போகும், அது இயல்பு. புகை வைத்துப் பார்க்கிறவர்கள் மினரல் ஆயில் புகையைப் பயன்படுத்துங்கள். சாம்பிராணிப் புகை போட்டுப் பார்த்த ஒரு பையனை எனக்குத் தெரியும். புகை என்னவோ வந்தது, பிசின் சென்சாரில் படிந்துவிட்டது.

ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். த்ராட்டிலுக்கு முன்னால் உள்ள கசிவு, அதாவது இன்டர்கூலர் குழாய், அதன் கிளிப் எல்லாம், பூஸ்டைக் குறைக்கும். ஐட்லிங் வேக்குவத்தைக் குறைக்காது. அடைத்துப்போன ஏர் ஃபில்டரும் அப்படித்தான். ஆனாலும் நம் ஊரில் ஃபில்டரைப் பார்க்காமல் விடாதீர்கள். ஆடிக் காற்றில் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து கிளம்பும் வெள்ளைத் தூள் ஜன்னல் கம்பி வரை படிவது நமக்குத் தெரியும். மில்லில் மாவாக அரைத்த பாறை அது. ஓட்டை ஃபில்டர் வழியே அது உள்ளே போனால் ரோட்டரின் ஏபெக்ஸ் சீலை உப்புத்தாள் போலத் தேய்க்கும். இன்றைக்கு வேக்குவம் குறையாது, ஒரு நாள் குறையும்.

டைமிங்கும் சைலன்ஸரும்

கசிவு இல்லை என்று உறுதியானால் டைமிங் லைட்டை எடுங்கள். இந்த எஞ்சினில் ஒரு ரோட்டருக்கு இரண்டு ப்ளக். கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது ட்ரெய்லிங். ஐட்லிங்கில் லீடிங் உச்சிக்குப் பின் 5 டிகிரியிலும் ட்ரெய்லிங் உச்சிக்குப் பின் 20 டிகிரியிலும் பொறி விட வேண்டும். பிஸ்டன் எஞ்சினில் பழகியவனுக்கு உச்சிக்குப் பின் என்பதே தப்பாகத் தோன்றும், தப்பல்ல. எஃப்சி-யின் புல்லியில் மஞ்சள் கோடு லீடிங்குக்கு, சிவப்புக் கோடு ட்ரெய்லிங்குக்கு. அதில் சென்சாரைக் கழற்றி மாட்டியவர் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் டைமிங் பின்வாங்கி வேக்குவம் விழும்.

பிறகு 2,500 ஆர்.பி.எம்-மில் அரை நிமிடம் பிடித்து வையுங்கள். முள் ஏறி அங்கேயே நின்றால் சரி. ஏறிவிட்டு மெதுவாக, நீங்கள் பார்க்கப் பார்க்க, கீழே வழுக்கினால் புகை வழி அடைத்திருக்கிறது. எஃப்டி-யில் டர்போவுக்கு அடுத்தபடியே இருக்கும் ப்ரீ-கேட்தான் முதல் சந்தேகம்.

கம்ப்ரஷன்: கடைசியில், ஆனால் ஒழுங்காக

இதுவரை எல்லாம் சரியாக இருந்தும் முள் ஏறவில்லை என்றால்தான் கம்ப்ரஷன். சாதாரண கேஜை அப்படியே மாட்டினால் ரோட்டரியில் அது உங்களை ஏமாற்றும். ஒரு ரோட்டருக்கு மூன்று முகம். கேஜுக்குள் இருக்கும் சிறு வால்வு, மூன்றில் எது அதிகமோ அதையே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு முகம் செத்திருந்தாலும் மற்ற இரண்டும் காப்பாற்றிவிடும். அந்த வால்வைக் கழற்றிவிட்டு, முள் ஒவ்வொரு தடவையும் ஏறி விழுவதைப் பார்க்க வேண்டும். செல்போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் மூன்றும் தனித்தனியே தெரியும்.

அதற்கு முன் எஞ்சின் சூடாக இருக்கட்டும். பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டியுங்கள், இல்லாவிட்டால் ப்ளக் ஓட்டை வழியே பெட்ரோல் ஆவி பீச்சும். த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்கட்டும். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கட்டும், ஏனென்றால் கணக்கு 250 ஆர்.பி.எம் க்ராங்கிங்குக்கு. ஸ்டார்ட்டர் சோம்பினால் நல்ல எஞ்சினும் கெட்ட எண் காட்டும்.

கேஜ் மாட்டுவதற்கு முன்பே காதால் ஒரு சோதனை உண்டு, நான் இதை விடுவதே இல்லை. ஒரு ரோட்டரின் ப்ளக்கை மட்டும் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை அடிக்கச் சொல்லுங்கள். முகத்தை ஓட்டைக்கு நேராக வைக்காமல், உள்ளங்கையை ஒரு ஜாண் தள்ளிப் பிடியுங்கள். நொடிக்கு நான்கு தடவைக்குச் சற்று மேலே காற்று கையில் மோதும். “புஸ், புஸ், புஸ்” என்று ஒரே கனத்தில் மோதினால் மூன்று முகமும் உயிரோடு இருக்கின்றன. “புஸ், புஸ், ஃப்...” என்று மூன்றாவது ஒவ்வொரு சுற்றிலும் தொய்ந்தால் ஒரு முகத்தின் சைடு சீலோ கார்னர் சீலோ போயிருக்கலாம். அடுத்தடுத்த இரண்டு தொய்ந்தால் அந்த இரண்டுக்கும் பொதுவாக நடுவில் நிற்கும் ஏபெக்ஸ் சீலைச் சந்தேகியுங்கள். ஒரு சீல் இரண்டு முகங்களைக் காக்கிறது, அது போனால் இரண்டும் சேர்ந்துதான் போகும்.

எண்ணுக்கு வருவோம். 250 ஆர்.பி.எம்-மில் ஒரு முகத்துக்குக் குறைந்தபட்சம் 6.0 கிலோ, அதாவது 85 பிஎஸ்ஐ. ஒரே ரோட்டரின் முகங்களுக்கு நடுவே வித்தியாசம் 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது. இங்கேயும் உயரத்தை மறக்காதீர்கள். காற்று பத்தில் ஒரு பங்கு இளைத்த ஊரில் கம்ப்ரஷனும் பத்தில் ஒரு பங்கு குறையும். சென்னையில் 7.0 காட்டும் எஞ்சின் கோரமண்டலில் 6.3 காட்டும். அதைப் பார்த்து “இன்னும் கொஞ்ச நாள்தான்” என்று வண்டிக்காரரின் வயிற்றில் புளியைக் கரைப்பது பெரிய பாவம். அளந்த எண்ணை 0.9-ஆல் வகுத்துக் கடலோரக் கணக்குக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள்.

எல்லா முகமும் சமமாகக் குறைந்திருந்தால் எஞ்சின் தேய்ந்திருக்கிறது, ஓட்டலாம், வண்டிக்காரர் பணம் சேர்க்கட்டும். ஒரு முகம் மட்டும் லேசாகக் குறைந்து, எஞ்சின் மாதக்கணக்கில் ஓடாமல் நின்றிருந்தால், கரி படிந்து சீல் ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. நன்றாக ஓட்டிச் சூடேற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஒரு ரோட்டரில் அடுத்தடுத்த இரண்டு முகமும் 6-க்கு மிகக் கீழே, சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக மறுக்கிறது என்றால் இனி எஞ்சினை இறக்கலாம். அப்போதும் முதல் நாளிலிருந்து எழுதிய தாளை வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு இறக்குங்கள்: தேதி, ஊர், சூடா குளிரா, ஆர்.பி.எம், வேக்குவம், எந்த ஹோஸைப் பிடித்தபோது முள் எங்கே நின்றது, க்ராங்கிங் வேகம், முன் ரோட்டரின் மூன்று எண், பின் ரோட்டரின் மூன்று எண்.